ஆமையின் காலைப் பாருங்கள்

மாலை நேரம். ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் உள்ள வறண்ட பகுதி அது.

பெரியவர் ஒருவர் வேர்க்கடலைக் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கூடவே அவருடைய பேரனும் வந்தான். பெரியவர் கையில் ஒரு துண்டு மூட்டை. அது மெல்ல அசைந்தது.

கிணற்று மேட்டில் கற்போர் மையத்தின் ஆசிரியை எதிரே வந்தார்.

"மூட்டையில் என்ன ஐயா?" என்று கேட்டார்.

"ஆமை அம்மா. வரப்பு ஓரமாக வெயிலில் போய்க்கொண்டிருந்தது. பாவம், தண்ணீர் தேடி அலைகிறது. கிணற்றில் விடப் போகிறேன். புண்ணியமாகப் போகட்டும்."

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இதற்கு முன்னால் கிணற்றில் ஆமை விட்டிருக்கிறீர்களா?"

"போன வருஷம் ஒன்றை விட்டேன். மூன்றாம் நாள் செத்து மிதந்தது. தண்ணீர்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். இரண்டு நாள் மோட்டார் போட்டுக் கிணற்றையே இறைத்துக் கொட்டினேன்."

ஆசிரியை மூட்டையை அவிழ்த்தார். கறுப்பு ஓடு. அதில் மஞ்சள் கோடுகள். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் கோடுகள் நட்சத்திரம் போலப் பிரிந்து ஓடின.

"இதன் காலைப் பாருங்கள்" என்றார் ஆசிரியை.

"யானைக் கால் மாதிரி இருக்கிறது!" என்றான் பேரன்.

"விரல்களுக்கு நடுவே தோல் இருக்கிறதா?"

"இல்லை."

"துடுப்புப் போல அகலமாக இருக்கிறதா?"

"இல்லை. தூண் மாதிரி இருக்கிறது."

"தூணை வைத்துக்கொண்டு எப்படி நீந்துவது?"

பெரியவர் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்படியானால் போன வருஷம் அதைக் கொன்றது நான்தானா?" என்று கேட்டார்.

"தெரியாமல் நடந்தது ஐயா. ஆமை என்றாலே தண்ணீரில்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். இன்று இரவு மையத்தில் இதைத்தான் படிக்கப் போகிறோம். ஆமையையும் கொண்டு வாருங்கள். காலையில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்."

அன்று இரவு மையத்தில் நடந்த பாடம் இதுதான்.

எல்லா ஆமைகளுக்கும் பொதுவானவை

ஆமைகள் மிகப் பழைய பிராணிகள். 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை இந்த உலகில் இருந்தன. பாம்பு, பல்லி, முதலை இவற்றைப் போல ஆமையும் ஊர்வன இனத்தைச் சேர்ந்தது.

ஆமையின் ஓடு சட்டை போன்றது அல்ல. அதைக் கழற்ற முடியாது. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. முதுகில் இருப்பது மேல் ஓடு. வயிற்றுப் பக்கம் இருப்பது அடி ஓடு. பெரும்பாலான ஆமைகளுக்கு, எலும்பின் மேல் தகடு தகடாக ஒரு மூடி இருக்கும. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே வகைப் பொருளால்தான் அந்தத் தகடுகளும் ஆனவை. ஓட்டைத் தட்டினால் ஆமைக்குத் தெரியும். ஓடு உடைந்தால் வலிக்கும், இரத்தம் வரும்.

நாம் மூச்சு விடும்போது நம் மார்பு விரிகிறது, சுருங்குகிறது. ஆமையின் மார்பு விரியாது. விலா எலும்புகள்தான் ஓட்டோடு ஒட்டிவிட்டனவே! அதனால் உடலின் உள்ளே இருக்கும் தசைகளை அசைத்து அது மூச்சு விடுகிறது.

ஆமைக்குப் பல் கிடையாது. கிளியின் அலகு போன்ற கடினமான வாய் உண்டு.

இன்னும் இரண்டு செய்திகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: எல்லா ஆமைகளுக்கும் நுரையீரல் உண்டு. கடலில் வாழும் ஆமையும் மேலே வந்து காற்றைத்தான் மூச்சாக இழுக்க வேண்டும். மீனைப் போலச் செவுள் அதற்கு இல்லை.

இரண்டு: ஏறக்குறைய எல்லா ஆமைகளும் நிலத்தில்தான் முட்டை இடும். வாழ்நாள் முழுவதும் கடலில் திரியும் பெண் ஆமையும் முட்டையிடக் கரைக்கு வந்தாக வேண்டும்.

இந்தியாவில் நிலத்திலும் ஆறு குளங்களிலும் வாழும் ஆமைகள் ஏறக்குறைய 30 வகை. நம் கடல்களில் 5 வகை ஆமைகள் உள்ளன. வாழும் இடத்துக்குத் தகுந்தபடி அவற்றின் உடல் மாறி அமைந்திருக்கிறது. காலைப் பார்த்தால் இடத்தைச் சொல்லிவிடலாம்.

தூண் போன்ற கால்: தரை ஆமை

பெரியவர் கொண்டுவந்தது நட்சத்திர ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் இது வாழ்கிறது. இலங்கையிலும் உண்டு. முள் புதர், புல்வெளி, மேட்டுக்காடு, இவையே இதன் வீடு.

இதன் கால்கள் தடித்த தூண்கள். கனமான ஓட்டைத் தாங்கிக்கொண்டு கல்லிலும் முள்ளிலும் நடக்க அவை உதவுகின்றன. முன்னங்கால்களில் கெட்டியான செதில்கள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னங்கால்களை மடக்கி வாசலில் கதவு போல வைத்துக்கொள்ளும். ஐந்து புலன்களையும் அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமை சொன்னது இதனால்தான்.

இதன் ஓடு குவிந்து மேடாக இருக்கிறது. குவிந்த ஓட்டைக் குள்ளநரி போன்ற விலங்குகள் வாயில் கவ்விக் கடிப்பது கடினம். ஆமை மல்லாந்து விழுந்துவிட்டால், உருண்டு நிமிரவும் இந்த வடிவம் உதவுகிறது. மஞ்சள் கோடுகளுக்கும் வேலை உண்டு. காய்ந்த புல்லின் நிழலுக்கு நடுவே ஆமை இருந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

இது புல், இலை, பூ, பழம் ஆகியவற்றைத் தின்கிறது. அவற்றில் இருக்கும் நீரே இதற்குப் பெரும்பாலும் போதும். மழை பெய்தால் தேங்கிய தண்ணீரைக் குடிக்கும். கடும் வெயிலில் புதருக்கு அடியில் அசையாமல் கிடக்கும். முட்டையிடக் குழி தோண்டும்போது மண் இறுகி இருந்தால், பெண் ஆமை சிறுநீர் விட்டு மண்ணை நனைத்துக்கொள்ளும்.

இப்படி ஒவ்வோர் உறுப்பும் வறண்ட நிலத்துக்காகவே அமைந்திருக்கிறது. இந்த ஆமையை ஆழமான தண்ணீரில் விட்டால் சிறிது நேரம் தத்தளிக்கும். கிணற்றுச் சுவரில் ஏற முடியாது. களைத்துப்போய் மூழ்கும். கோயில் குளத்தில் விட்டாலும் இதே கதிதான்.

சவ்வு உள்ள கால்: குளத்து ஆமை, ஆற்று ஆமை

பாடம் இந்த இடத்துக்கு வந்தபோது பெரியவர் கை தூக்கினார்.

"என் அப்பா காலத்தில் எங்கள் கிணற்றில் ஓர் ஆமை பல வருஷம் இருந்தது அம்மா. நானே பார்த்திருக்கிறேன். அது மட்டும் எப்படிப் பிழைத்தது?"

நல்ல கேள்வி. அது வேறு ஆமை. பெரும்பாலும் அது பாலாமையாக இருக்கும்.

பாலாமை குளத்திலும் ஏரியிலும் வாய்க்காலிலும் வாழ்கிறது. நெல் வயலிலும் தென்படும். இதன் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறது. வாத்தின் காலில் இருப்பது போன்ற தோல் அது. காலைப் பின்னே தள்ளினால் சவ்வு விரியும்; தண்ணீர் தள்ளப்படும்; ஆமை முன்னே போகும்.

இதன் ஓட்டின் மேல் தகடுகள் இல்லை. வழவழப்பான தோல் மூடியிருக்கிறது. உடல் தட்டையாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது எளிது. அடி ஓட்டின் பின்பக்கம் இரண்டு மடல்கள் உண்டு. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் இந்த மடல்கள் மூடிக்கொள்ளும். கோடையில் குளம் வற்றினால் பாலாமை சேற்றில் புதைந்து கிடக்கும். மழை வந்ததும் வெளியே வரும்.

வடக்கே கங்கை ஆற்றில் இதன் உறவுக்கார ஆமை ஒன்று இருக்கிறது. அதன் ஓடும் தோல் மூடிய ஓடுதான். இரண்டு அடிக்கு மேல் வளரும். அதன் மூக்கு குழாய் போல நீண்டிருக்கும். உடலை ஆற்று மணலில் புதைத்துக்கொண்டு, மூக்கு நுனியை மட்டும் நீருக்கு மேல் நீட்டி மூச்சு வாங்கும். ஒவ்வொரு காலிலும் 3 நகங்கள் மட்டுமே வெளியே தெரியும்.

இந்த ஆமை மீனைத் தின்னும். செத்த உயிர்களையும் தின்று ஆற்றைச் சுத்தம் செய்யும். கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டம் 1986-ல் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் இத்தகைய ஆமைகளை வளர்த்து வாரணாசியில் ஆற்றில் விட்டார்கள். பாதி எரிந்த நிலையில் ஆற்றில் விடப்பட்ட உடல்களை அவை தின்னும் என்பதே காரணம்.

துடுப்புக் கால்: கடலாமை

ஆறு கடலில் சேருகிறது. கடலில் அலை உண்டு, நீரோட்டம் உண்டு. உணவு தேடிப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அதற்குச் சவ்வுக் கால் போதாது. கடலாமையின் கால்களே துடுப்புகளாக மாறிவிட்டன.

முன் துடுப்புகள் நீளமானவை. பறவை சிறகை அசைப்பது போலக் கடலாமை அவற்றை அசைத்து நீந்தும். பின் துடுப்புகள் குட்டையானவை. திசை திருப்பவும், கரையில் குழி தோண்டவும் அவை பயன்படும். ஓடு தட்டையாகவும் முன்னே அகன்றும் பின்னே குறுகியும் இருக்கும். படகின் வடிவம் போல!

வேகமாக நீந்தும் உடல் கிடைத்தது. ஆனால் கடலாமை அதற்காக ஒன்றை இழந்தது. அதனால் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. வள்ளுவர் சொன்ன அடக்கம் கடலாமைக்கு இல்லை!

கடல் நீர் உப்பு. உணவோடு உப்பும் உடலுக்குள் போகும். கடலாமையின் கண்ணுக்குப் பக்கத்தில் உப்பை வெளியேற்றும் சுரப்பி இருக்கிறது. கரையில் முட்டையிடும் ஆமையின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, "ஆமை அழுகிறது" என்பார்கள். அது அழுகை அல்ல. உடல் உப்பை வெளியே தள்ளுகிறது.

நம் கடற்கரைகளுக்கு அதிகமாக வருவது பங்குனி ஆமை. இதன் நீளம் ஏறக்குறைய 2 அடி. ஒடிசா மாநிலத்தில் கஹிர்மாதா, ருசிகுல்யா ஆகிய இடங்களில் இவை லட்சக்கணக்கில் ஒன்றாகக் கரையேறும். 2025 பிப்ரவரியில் ருசிகுல்யா கடற்கரையில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டன. சென்னைக் கடற்கரைக்கும் இவை வருவதுண்டு. ஆனால் அங்கே தனித்தனியாகத்தான் வரும்.

பெண் ஆமை இரவில் கரையேறும். நீரில் அழகாக நீந்திய துடுப்பு, மணலில் நடக்க உதவாது. உடலை இழுத்து இழுத்து மேலே வரும். குழி தோண்டி 100 முதல் 120 முட்டைகள் வரை இடும். மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பிறகு அது அந்தக் குழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மணலின் சூடே முட்டைகளை அடைகாக்கும். சூடு அதிகம் என்றால் பெண் குஞ்சுகள் அதிகம். சூடு குறைவு என்றால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும்.

உதவிய உடலே ஆபத்து ஆகும்போது

ஆமையின் உடல் அதன் இடத்துக்கு ஏற்றபடி அமைந்தது. மனிதன் அந்த இடத்தை மாற்றினால் அதே உடல் அதற்கு எதிரியாகிறது.

குஞ்சுகளைப் பாருங்கள். இரவில் தரையைவிடக் கடல் பக்கத்து வானம் வெளிச்சமாக இருக்கும். வெளிச்சத்தை நோக்கிப் போனால் கடல் வந்துவிடும். இது குஞ்சுகளின் பிறவி அறிவு. ஆனால் கரையில் மின்விளக்குகள் எரிந்தால் குஞ்சுகள் சாலைப் பக்கம் போகின்றன. நாயிடமும் காகத்திடமும் சிக்குகின்றன. வண்டியில் நசுங்குகின்றன. வெயிலில் காய்ந்து சாகின்றன.

பெரிய ஆமைகளைப் பாருங்கள். அவை நெடுநேரம் மூச்சு அடக்க வல்லவை. ஆனால் வலையில் சிக்கித் திமிறும்போது மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். விசைப்படகுகள் இழுவலையை மணிக்கணக்கில் இழுக்கின்றன. உள்ளே சிக்கிய ஆமை மேலே வர முடியாது. கடலிலேயே வளர்ந்த ஆமை, கடல் நீரிலேயே மூச்சு முட்டிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

மீனவர்களும் பிழைக்க வேண்டும், ஆமைகளும் பிழைக்க வேண்டும். இதற்கு வழி உண்டு. இழுவலையின் உள்ளே ஒரு கம்பிச் சட்டம் பொருத்தலாம். இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து வலையின் மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் உள்ள திறப்பு வழியாக வெளியேறும். இந்தக் கருவியை நம் நாட்டு வலைகளுக்கு ஏற்றபடி கொச்சியில் உள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. இதைப் பயன்படுத்தாததைக் காரணம் காட்டி, 2019-ல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. ஆமை செத்தால் இறால் விலையும் விழுகிறது.

வலையில் ஆமை மயங்கிக் கிடந்தால் உடனே கடலில் எறியக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். பின்பக்கத்தை அரை அடி உயர்த்த வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வெளியேறும். நிழலில் வைத்து ஈரத்துணி போட வேண்டும். மூக்கை மூடக் கூடாது. சில ஆமைகள் பல மணி நேரம் கழித்தும் கண் விழிக்கும்.

நட்சத்திர ஆமைக்கு வந்த ஆபத்து வேறு வகை. "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று சிலர் அதை அடித்து விரட்டுகிறார்கள். "ஆமையை வளர்த்தால் செல்வம் சேரும்" என்று வேறு சிலர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டும் மூடநம்பிக்கை. இரண்டாலும் துன்பப்படுவது ஆமைதான். பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட நட்சத்திர ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். 2019-ல் உலக நாடுகள் கூடி, இதன் பன்னாட்டு வியாபாரத்தைத் தடை செய்தன.

மறுநாள் காலை

பொழுது விடிந்தது. பெரியவரும் பேரனும் கூடையில் ஆமையை எடுத்துக்கொண்டு போனார்கள். முந்தின நாள் எடுத்த அதே வரப்பு. ஆமை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று பேரன் காட்டினான். அந்தப் பக்கம் பார்த்தபடி ஒரு புதர் ஓரத்தில் அதை இறக்கி வைத்தார் பெரியவர்.

ஆமை அசையவில்லை. இருவரும் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தலை வெளியே வந்தது. பிறகு தூண் கால்கள் நான்கும் வெளியே வந்தன. ஆமை புல்லை ஒரு வாய் கடித்தது. புதருக்குள் போய் மறைந்தது.

திரும்பி வரும்போது பெரியவர் கிணற்று மேட்டில் நின்றார். ஒரு கரித்துண்டை எடுத்தார். மோட்டார் அறையின் சுவரில் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார்:

"தரை ஆமையைக் கிணற்றில் விடாதீர்கள். சாகும்."

"தாத்தா, கடைசி 'ள்'-க்குப் புள்ளி வைக்கவில்லையே" என்றான் பேரன்.

பெரியவர் புள்ளி வைத்தார்.

நினைவில் கொள்க

1. தூண் கால், குவிந்த ஓடு: தரை ஆமை. இதைத் தண்ணீரில் விடக் கூடாது.
2. விரல்களுக்கு நடுவே சவ்வு: குளத்து ஆமை அல்லது ஆற்று ஆமை.
3. துடுப்புக் கால்: கடலாமை. இது மேலே வந்துதான் மூச்சு விட முடியும்.
4. ஆமையைக் கண்டால் அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

படித்தீர்களா? விடை சொல்லுங்கள்

1. பெரியவர் முதலில் விட்ட ஆமை ஏன் செத்தது?
2. அவருடைய அப்பா காலத்து ஆமை கிணற்றில் எப்படிப் பிழைத்தது?
3. கடலில் வாழும் ஆமை, வலையில் சிக்கினால் ஏன் சாகிறது?
4. கடற்கரை விளக்குகளால் ஆமைக் குஞ்சுகளுக்கு என்ன ஆபத்து?
5. உங்கள் ஊரில் எந்த வகை ஆமை இருக்கிறது? பெரியவர்களிடம் கேட்டு நான்கு வரி எழுதுங்கள்.